நாற்பத்திரண்டு குழாயிலும் ஒரே நீலம்

மண்ணில் குத்தினால் மூன்று நிமிடத்தில் அதிலுள்ள சத்தைச் சொல்லிவிடும் கருவி ஒன்று, நான் வேலை பார்த்த ஆய்வுக்கூடத்துக்கு வந்திருக்கிறதாம். புதிதாகச் சேர்ந்த இரண்டு பெண்கள் அதை என் வீட்டுக்கே தூக்கிக்கொண்டு வந்தார்கள். வாசலில் இருந்த செம்பருத்தித் தொட்டியில் குத்தினார்கள். எண் வந்தது.

"எப்படி மேடம்?" என்றாள் ஒருத்தி, தானே பெற்ற பிள்ளையைக் காட்டுகிற மாதிரி.

"எண் சரியாத்தான் இருக்கும். எந்த மண்ணுல குத்துனோம்னு அதுக்குத் தெரியுமா?"

இரண்டு பேரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. "கோவப்படாதீங்க மேடம், உங்க அனுபவத்த எழுதிக் குடுங்க, படிக்கிறோம்" என்றார்கள். எழுதுகிறேன். இனிக்க இனிக்க எழுத எனக்கு வராது.

திண்டுக்கல்லில் ஒரு தனியார் மண் ஆய்வுக்கூடம். பேர் வேண்டாம். வேதியியல் படித்துவிட்டு அங்கே சேர்ந்தேன். முதல் வருடம் கண்ணாடிக் குழாய் கழுவினேன். இரண்டாம் வருடம் மண் சலித்தேன். மூன்றாம் வருடம்தான் அமிலப் பாட்டிலைத் தொட விட்டார்கள். பயிற்சி என்றால் அவ்வளவுதான். மிச்சமெல்லாம் காதர் சாரிடம் திட்டு வாங்காமலே கற்றுக்கொண்டது. அவர் திட்டவே மாட்டார். அதுதான் கஷ்டம்.

காதர் சார் எங்கள் ஆய்வுக்கூடத் தலைவர். அதற்கு முன்னால் தோல் பதனிடும் ஷாப்பில் இருபது வருடம் கெமிஸ்ட். ஷாப்புகள் ஒவ்வொன்றாக மூடியதும் மண்ணுக்கு வந்துவிட்டார். சத்தமில்லாமல் வந்து முதுகுக்குப் பின்னால் நிற்பார். நாம் ஏதாவது சொன்னால் ஒரே ஒரு கேள்விதான் கேட்பார்.

"பார்த்ததா, நெனச்சதா?"

பார்த்தது என்றால் நோட்டில் எழுதலாம். நினைத்தது என்றால் எழுதக் கூடாது.

மண் எடுப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. வயலில் பத்து இடத்தில், அரை அடி ஆழத்துக்கு 'வி' மாதிரி குழி வெட்டி, குழியின் இரண்டு பக்கமும் மேலிருந்து கீழ்வரை ஒரு அங்குலக் கனத்துக்குச் செதுக்கி எடுக்க வேண்டும். வரப்போரம் எடுக்கக் கூடாது, மரத்தடியில் கூடாது, எருக் கொட்டின இடத்தில் கூடாது. பத்து இடத்து மண்ணையும் கலந்து, வட்டமாகப் பரப்பி, நான்காகப் பிரித்து, எதிரெதிரே உள்ள இரண்டு பங்கைத் தள்ளிவிட வேண்டும். மறுபடி பரப்பி, மறுபடி தள்ளி, கடைசியில் அரைக் கிலோ மிஞ்சும். இரண்டு ஏக்கர் நிலம் அந்த அரைக் கிலோவுக்குள் வந்து உட்காரும். அது தப்பானால் அதற்கப்புறம் நாங்கள் செய்கிற எதுவும் சரியாகாது.

ஆனால் நம் சனங்களுக்கு இது பரீட்சை. ஒருத்தர் வீட்டு மாவுச் சல்லடையில் மண்ணைச் சலித்து, சாணிப்பொடி கலந்து, மஞ்சப்பையில் கட்டிக்கொண்டு வந்தார். "எம் மண்ணு பாஸா, ஃபெயிலா?" என்று கேட்டார். "மண்ணு ஃபெயில், சாணி பாஸ்" என்றேன். ஒரு மாதம் என்னோடு பேசவில்லை.

காதர் சாருக்கு ஒரு பழக்கம் உண்டு. இந்தக் கதையே அதனால் வந்தது, கவனித்துப் படியுங்கள். நாற்பது ஐம்பது பை மண் சோதனைக்கு வந்தால், அதில் ஒரு பையை மட்டும் இரண்டாகப் பிரித்து, பாதிக்குக் கற்பனையாக ஒரு பேர் எழுதி நடுவில் சொருகி வைத்துவிடுவார். அதற்கு மாப்பிள்ளை என்று பேர். ஒரே மண், இரண்டு பேர். இரண்டுக்கும் எண் ஒன்றாக வராவிட்டால், செய்தவள் கையில் கோளாறு என்று அர்த்தம். மொத்தத்தையும் திரும்பச் செய்ய வேண்டும். ஒன்றாக வந்தால் மாப்பிள்ளையை அவரே எடுத்துவிட்டு மற்ற முடிவுகளை அனுப்புவார். இது மாப்பிள்ளை என்று நாம் கண்டுபிடித்தாலும் வாயைத் திறக்கக் கூடாது. எண்ணை மட்டும் எழுத வேண்டும். போகப் போக எனக்கு மாப்பிள்ளையைப் பார்த்ததுமே தெரிந்துவிடும். அதில் எனக்குத் திமிர் உண்டு. இல்லை என்று சொல்ல மாட்டேன்.

நான் ஓய்வு பெறுவதற்குச் சில வருடம் முன்னால், ஊர் ஊராக மண் எடுத்து விவசாயிகளுக்கு மண் அட்டை கொடுக்கும் ஒப்பந்தத்தை எங்கள் கம்பெனி எடுத்தது. எல்லாம் கம்ப்யூட்டர். மண் எடுக்க வெளி ஆட்கள், பைக்கு இவ்வளவு என்று கூலி. நாங்கள் எண்ணைப் போட்டு ஒப்புதல் பொத்தானை அழுத்தினால், என்ன உரம் எவ்வளவு போட வேண்டும் என்று அதுவே கணக்குப் போட்டு, அட்டை அடித்து, விவசாயியின் செல்போனுக்கும் செய்தி அனுப்பிவிடும். ஒப்புதல் பொத்தான் காதர் சாரிடம் இருந்தது. வைகாசியில் கண்புரை ஆபரேஷனுக்கு மதுரைக்குப் போனபோது அதன் கடவுச்சொல்லை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார்.

அந்த வாரம் அய்யலூர் பக்கத்து ஊர் ஒன்றிலிருந்து நாற்பத்திரண்டு பை வந்தது.

மணிச்சத்து என்றால் பாஸ்பரஸ், அதன் சோதனை எப்படி என்று சொல்கிறேன். இரண்டரை கிராம் மண்ணில் சோடா உப்புக் கரைசலை ஊற்றி, கரித்தூள் ஒரு சிட்டிகை போட்டு, அரை மணி நேரம் குலுக்கி வடிகட்ட வேண்டும். தண்ணீர் மாதிரி ஒன்று இறங்கும். அதில் மருந்து விட்டு வைத்தால் மெதுவாக நீலம் ஏறும். மணிச்சத்து அதிகமென்றால் அடர்நீலம், குறைவென்றால் வெளிர்நீலம். ஒரு ஊரிலிருந்து நாற்பது மண் வந்தால் நாற்பது நீலம் இருக்கும். அண்ணன் வயலுக்கும் தம்பி வயலுக்கும்கூட ஒரே நீலம் வராது.

அன்று மத்தியானம் மருந்து விட்டுவிட்டுத் தண்ணீர் குடித்துவிட்டு வந்து பார்த்தேன். நாற்பத்திரண்டு குழாயும் ஒரே நேரத்தில் ஏறிக்கொண்டிருந்தன. ஒரே நிறம், ஒரே வேகம். நான் அதுவரை பார்க்காத அடர்நீலம், கிட்டத்தட்டக் கறுப்பு. தெருவில் போகிற நாற்பத்திரண்டு பேர் திரும்பிப் பார்த்து, எல்லோருக்கும் ஒரே முகம் இருந்தால் எப்படி இருக்கும்? அப்படி இருந்தது. மின்விசிறியை நிறுத்தினேன், ஏன் நிறுத்தினேன் என்று இன்றைக்கும் தெரியாது.

அப்புறம்தான் புத்தி வேலை செய்தது. என்னுடைய அழகான புத்தி. கிழவர் போகும்போது பெரிய பொறியாக வைத்துவிட்டுப் போயிருக்கிறார், நாற்பத்திரண்டும் மாப்பிள்ளை என்று முடிவு கட்டினேன். அய்யலூர் பக்கம் செம்மண். இது சாம்பல் பூத்த மண். பைகளில் இருந்த பேர்களைப் பார்த்தேன். மொட்டையன், வீரணன், பொம்மையன், சின்னாக்காளை. இந்தக் காலத்தில் யாருக்கு இப்படிப் பேர் இருக்கிறது? உட்கார்ந்து யோசித்துக் கற்பனையாக எழுதியிருக்கிறார் என்று சிரிப்பு வந்தது. சல்லடையில் வெள்ளைத் துணுக்குகள் நின்றன. பச்சைக் கண்ணாடி வளையல் துண்டு ஒன்றும் கிடந்தது. என்னைக் கேலி செய்யத்தான் போட்டிருக்கிறார் என்று எடுத்து எறிந்தேன்.

மேலிடத்திலிருந்து ஏரியா மேனேஜர் போனுக்கு மேல் போன். "மேடம், டார்கெட் முடியல, அப்ரூவ் பண்ணிடுங்க." பொய்ப் பேருக்கு அட்டை போனால் யாருக்கு என்ன நஷ்டம் என்று அழுத்தினேன். நாற்பத்திரண்டு தடவை அழுத்தினேன்.

காதர் சார் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு திரும்பி வந்தார்.

"மாப்பிள்ளை மொத்தத்தையும் பிடிச்சுட்டேன் சார்" என்றேன்.

"பிடிச்சியா? ஷாபாஷ்!" என்று சிரித்தார். அவர் நிஜமாகவே போவதற்கு முன்னால் வேறொரு ஊர்ப் பைகளுக்குள் ஒரு மாப்பிள்ளை வைத்திருந்தார். அதைச் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டார். அவர் நினைத்தார், நான் நினைத்தேன். யாரும் பார்க்கவில்லை.

ஐப்பசியில் ஒரு அம்மா வந்தது. நாற்பது வயதிருக்கும். தோளில் உரச்சாக்கு. உள்ளேயிருந்து வேரோடு பிடுங்கின மக்காச்சோளப் பயிரை எடுத்து என் மேசைமேல் போட்டது. பயிர் பச்சையாக இல்லை. தண்டிலிருந்து இலை விளிம்புவரை கத்தரிப்பூ நிறம், மணிச்சத்துக் கிடைக்காத பயிரின் நிறம்.

"இந்தச் சீட்டு நீங்க குடுத்ததா?"

அட்டையை வாங்கிப் பார்த்தேன். பேர் சின்னாக்காளை. மணிச்சத்து: மிக அதிகம். மணிச்சத்து உரம் தேவையில்லை.

"நீங்க யாரு?"

"நாகம்மா. சின்னாக்காளை எங்க மாமனாரு. அவரு போயி ஏழு வருசமாச்சு. பட்டா இன்னும் அவரு பேருலதான கெடக்கு." அந்த அம்மா உட்காரவில்லை. "வருசா வருசம் அடியுரம் ஒரு மூட்ட போடுவேன். இந்த வருசம் சீட்டுல வேணாம்னு இருந்துச்சு. ஒரு பிடி கூடப் போடல. ஊருல எல்லாரும் சீட்ட அலமாரியில சொருகிட்டு எப்பவும்போல போட்டாங்க. அம்புட்டுப் பேரு பயிரும் பச்சையா நிக்கிது. படிச்சவங்க சொல்றாங்கன்னு கேட்டவ நான் ஒருத்திதான்."

சின்னாக்காளை கற்பனையில்லை.

நாகம்மாவின் கணவர் இறந்துவிட்டார். இரண்டு ஏக்கர், பாகம் பிரிக்காத நிலம். கொழுந்தன் அதைப் பிளாட் போட ஆள் பார்த்து வைத்திருந்தான். இந்த வெள்ளாமையை எடுத்துக் காட்டினால் நிலம் இருக்கும், இல்லாவிட்டால் விற்றுவிடுவது என்று குடும்பத்தில் பேச்சு. அட்டை வந்த தைரியத்தில் இந்த அம்மாவும் சரி என்று தலையாட்டியிருக்கிறது.

காதர் சாரை அழைத்தேன். நடந்ததை எல்லாம் சொன்னேன். அவர் முகம் மாறவில்லை. "மிச்ச மண்ணைக் கொண்டா" என்றார்.

சோதித்த மண்ணில் ஒரு பங்கை ஒரு வருடம் எடுத்து வைக்க வேண்டும் என்பது அவர் போட்ட சட்டம். இடத்தை அடைக்கிறது என்று கம்பெனி பல தடவை சண்டை போட்டும் அவர் விடவில்லை. அந்த நாற்பத்திரண்டு டப்பாவையும் கொண்டுவந்து வைத்தேன். ஒன்றைத் திறந்து வெள்ளைத் தாளில் கொட்டினார். வெள்ளைத் துணுக்கு ஒன்றைப் பொறுக்கினார்.

"சுண்ணாம்புக் கல் சார்" என்றேன்.

"பார்த்ததா, நெனச்சதா?"

அமிலம் ஒரு சொட்டு விட்டார். சுண்ணாம்புக் கல்லாக இருந்தால் பொங்கியிருக்கும். இது இரண்டு மூன்று குமிழி விட்டு நின்றுவிட்டது. அமிலம் படாத இன்னொரு துணுக்கை எடுத்துக் கழுவினார். தயங்கினார். அப்புறம் நாக்கை நீட்டி நுனியில் வைத்து, தலையைக் கீழே கவிழ்த்தார். துணுக்கு விழவில்லை. நாக்கிலேயே ஒட்டிக்கொண்டு நின்றது.

அதை விரலால் பிய்த்துத் தாளில் வைத்துவிட்டு, குழாயடிக்குப் போய் மூன்று தடவை வாய் கொப்பளித்தார். திரும்பி வந்து மெதுவாகச் சொன்னார்.

"தோல் ஷாப்புக்குப் பக்கத்துல எலும்பு மில்லு இருந்துச்சும்மா. கல்லு நாக்குல ஒட்டாது. எலும்புதான் ஒட்டும். எலும்பு பூராம் மணிச்சத்து."

நாகம்மா எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தது. "எந்த எலும்பு?"

காதர் சார் தாளை மடித்து, மண்ணை டப்பாவுக்கே திருப்பிக் கொட்டினார்.

மண் எடுத்த ஆள் பாண்டி. ஐம்பது வயது, முன்னால் போர்வெல் வண்டியில் வேலை பார்த்தவர். அய்யலூரில் ஆட்டுச் சந்தைக்குப் பக்கத்து டீக்கடையில் அவரைப் பிடித்தேன். மறைக்கவெல்லாம் இல்லை. டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார்.

"வைகாசி வெயிலு மேடம். வயக்காடு பூராம் பாறையா கெடக்கு, கடப்பாரை எறங்கல. ஒரு நாளைக்கு நாப்பது பையின்னா மனுசன் என்ன செய்வான்? பஸ் ஸ்டாப்புக்குப் பின்னாடி, வேப்பமரத்துக்கு இந்தப் பக்கம் ஒரே ஒரு எடம் மெத்துன்னு இருந்துச்சு. கையாலயே அள்ளலாம்போல. ஒரே குழியில அம்புட்டையும் ரொப்பிட்டேன்."

"அது என்ன எடம்னு தெரியுமா, தெரியாதா?"

அவர் டீயைக் குடிக்காமல் கீழே வைத்தார். "தெரியும். ஊரு இடுகாடு."

"தெரிஞ்சுதான் எடுத்தீங்களா?"

"மண்ணு மண்ணுதான மேடம்."

அறைந்திருப்பேன். ஆனால் நான் கை ஓங்க என்ன யோக்கியதை? அவர் எடுத்தார், நான் ஒப்புதல் போட்டேன்.

அன்றே நாகம்மாவின் வயலுக்குப் போனேன். காதர் சாரும் வந்தார். உச்சிப் பொழுது, வானம் மூடாக்கு. சுற்றிலும் இடுப்புயரத்துக்குப் பச்சை. நடுவில் சதுரம் வெட்டி வைத்த மாதிரி முழங்கால் உயரத்துக்குக் கத்தரிப்பூ நிறம். வரப்பு எங்கே முடிகிறதோ அங்கே நிறமும் முடிந்தது. பக்கத்துக் காட்டில் இலைகள் சலசலத்தன. இங்கே அசையவேயில்லை, உரசும் அளவுக்கு இலை வளரவில்லை. உள்ளே நடந்தால் நம் காலடிச் சத்தம் நமக்கே பெரிதாகக் கேட்டது. அடுத்த வயலில் இருந்த கொக்கு ஒன்றுகூட இந்தப் பக்கம் இறங்கவில்லை. அந்த ஊர் மண்ணின் நிறமே வேறு, குங்குமம் மாதிரி செம்மண். இதைக் கண்ணால் பார்த்த எவனும் அந்தச் சாம்பல் பையை ஒப்புக்கொண்டிருக்க மாட்டான். வேலையில் அத்தனை வருடம் இருந்தும் அந்த ஊருக்கு நான் அதுவரை போனதில்லை.

"இலைவழியா உரம் அடிச்சுப் பார்க்கலாம். பாதி தேறினா பெருசு" என்றார் காதர் சார்.

"பாதிக்கு எங்கொழுந்தன் ஒத்துக்க மாட்டான்" என்றது நாகம்மா. பிறகு நேராக என்னைக் கேட்டது. "அக்கா, அந்த மண்ணு எங்க எடுத்தது? எனக்கு வெளங்கிருச்சு. ஆனா உங்க வாயால சொல்லணும்."

சொன்னேன்.

"பஸ் ஸ்டாப்புக்குப் பின்னாடியா? வேப்பமரத்துக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா?"

"இந்தப் பக்கம்."

அது சீலை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டது. அப்புறம் அட்டையை விரித்து, அதில் இருந்த எண்களை விரலால் ஒவ்வொன்றாகத் தடவியது.

"அப்ப இதுல எழுதியிருக்கிறது எங்க மாமாவத்தானா?"

அட்டையைத் தரச் சொல்லி நான் கை நீட்டினேன், அது மடித்து இடுப்பில் சொருகிக்கொண்டது.

நாகம்மா ஒன்றுதான் கேட்டது. குடும்பப் பேச்சு ஊர் கூடுகிற மந்தையில் நடக்கும், அங்கே வந்து தப்பு யாருடையது என்று நான் சொல்ல வேண்டும். ஏரியா மேனேஜர் போனில் குதித்தார். "நீங்க போகவே கூடாது மேடம். சர்வர் ப்ராப்ளம்னு சொல்லிடலாம்."

"சர்வருக்கு எலும்பு இருக்கா சார்?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன்.

மந்தையில் போய் நின்று சொன்னேன். மண்ணை எங்கே எடுத்தார்கள், நான் எதை நினைத்துக்கொண்டு ஒப்புதல் போட்டேன், நாகம்மா எங்களை நம்பினதைத் தவிர வேறு தப்புச் செய்யவில்லை என்று எல்லாம் சொன்னேன். அடி விழும் என்றுதான் போனேன். விழவில்லை. அதைவிட மோசமாக ஒன்று நடந்தது. ஆட்கள் ஒவ்வொருவராக எழுந்து வீட்டுக்குப் போய், அலமாரியில் சொருகியிருந்த அட்டையைத் தேடி எடுத்துக்கொண்டு வந்தார்கள். முன்னால் அதை யாரும் படித்ததில்லை. இப்போது எல்லோரும் படித்தார்கள். பெரியவர் ஒருவர் அட்டையை என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"இது யாரும்மா? எங்கப்பனா? இல்ல பக்கத்துல கெடக்குற எங்க சித்தப்பனா?"

"தெரியாதுங்கய்யா. எல்லாம் ஒரே குழி."

"அப்பறம் என்னா சோதன பண்ணுனீங்க?"

கொழுந்தன் அதுவரை ஓரமாக உட்கார்ந்திருந்தான். "அண்ணி காயிதத்தப் பாத்து வெவசாயம் பண்ணுச்சு, காயிதம் காலை வாரிருச்சு" என்று சிரிக்கப் பார்த்தான். யாரும் சிரிக்கவில்லை. அந்தப் பெரியவர் திரும்பி, "ஏலே, ஒங்கப்பன் அள்ளிக் குடுத்தத அந்தப் புள்ள வாங்கிட்டு நிக்கிது. இன்னொரு வெள்ளாமைக்கு விடு" என்றார். அவன் தலையாட்டினான். அவனுக்குப் பயம், எனக்குத் தெரிந்தது. எனக்கும் பயமாகத்தான் இருந்தது.

நாற்பத்திரண்டு அட்டையையும் ரத்து செய்யக் காதர் சார் எழுதாத கடிதமில்லை. ஒப்புதல் கொடுத்ததை அழிக்கக் கம்ப்யூட்டரில் வழியே இல்லையாம். அடுத்த சுற்றுக்கு மண் எடுக்கும்போது தானாக மாறிவிடுமாம். அடுத்த சுற்று வரவில்லை. ஒப்பந்தம் முடிந்துவிட்டது. காதர் சார் அந்த மாதமே வேலையை விட்டார். போகும்போதும் என்னைத் திட்டவில்லை. நாற்பத்திரண்டு டப்பாவையும் ஒரு பெரிய துணியில் கொட்டிக் கட்டி, அவரே எடுத்துக்கொண்டுபோய் அந்த வேப்பமரத்துக்கு இந்தப் பக்கம் குழி வெட்டிப் போட்டுவிட்டு வந்தார். ஒரு சிட்டிகை விடாமல் எல்லாவற்றையும்.

அந்த வருட மக்காச்சோளத்தை நாகம்மா மாட்டுக்கு அறுத்துப் போட்டது. அடுத்த வைகாசியில் நான் போனேன். முதல்நாளே தண்ணீர் கட்டி நிலத்தை நனைத்து வைத்திருந்தது. பத்துக் குழியையும் நானே வெட்டினேன். நாகம்மா ஒவ்வொரு குழியையும் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் அள்ள விட்டது. குழாயில் வெளிர்நீலம் ஏறியது, வானத்தைவிட வெளிறிய நீலம். அன்றைக்கு அந்தக் குழாயைப் பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியாது. முடிவைக் கையால் எழுதி, கையெழுத்துப் போட்டு, நானே கொண்டுபோய்க் கொடுத்தேன்.

ஓய்வு பெற்ற பிறகும் புரட்டாசி விதைப்புக்குப் போய்வருகிறேன். போன புரட்டாசியிலும் போயிருந்தேன். நிலம் இன்னும் நிலமாகத்தான் இருக்கிறது. அடியுரத்தைக் கூடையில் கொட்டிக்கொண்டிருந்தபோது நாகம்மாவின் செல்போனில் சத்தம் வந்தது. எடுத்துப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டியது.

'மதிப்பிற்குரிய விவசாயி சின்னாக்காளை அவர்களுக்கு வணக்கம். தங்கள் மண்ணில் மணிச்சத்து மிக அதிகம். இந்தப் பருவத்தில் மணிச்சத்து உரம் தேவையில்லை.'

"இது இன்னும் வருதா?"

"வெதப்புக்கு வெதப்பு வரும்க்கா. ஊருல நாப்பத்திரெண்டு போனுக்கும் ஒரே நேரத்துல."

"குடு, வராம பண்ணித் தாரேன்."

நாகம்மா போனைத் திரும்ப வாங்கி, இடுப்பில் சொருகிக்கொண்டது.

"எதுக்கு? மாமா நல்லாருக்கேன்னு சொல்றாரு. சொல்லிட்டுப் போறாரு" என்றது. கூடையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, மணிச்சத்து உரத்தைக் கைநிறைய அள்ளி உழவுச் சாலில் போட ஆரம்பித்தது.